வேனில் வந்த பெட்டி, ரயிலில் வந்த அத்தை

போன மாதம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க விமான நிலையத்துக்குப் போய் வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் வெளிநாடு போகவில்லை, யாரும் வரவும் இல்லை. என்னோடு ஹட்டனில் ஒரே வகுப்பில் படித்த ராணி அங்கே ஒரு மருந்துக்கடையில் பொறுப்பாக இருக்கிறாள். வீட்டுக்கு வந்து முறையாக அழைக்கிறேன் என்று போனில் சொன்னதற்கு, "வீட்டுல என்னைய எங்கடி புடிக்கப்போற? எந்நேரமும் இங்கதான் கெடக்குறேன். இங்கயே வந்துரு" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே நானும் என் வீட்டுக்காரரும் பஸ் மாறி மாறிக் கட்டுநாயக்காவுக்குப் போய், இருமல் மருந்து அடுக்கிய கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம் வைத்து மகனுடைய கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தோம். தலைவலி மாத்திரை வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மரியாதையாக ஒதுங்கி நின்று பார்த்தார். அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்திருக்கலாம், தோன்றவில்லை.

ராணி எங்களைச் சுற்றிக் காட்டினாள். தன் சொந்தத் தோட்டத்தைக் காட்டுகிறவள் போலத்தான் காட்டினாள். இந்தா வங்கி, இந்தா சிம் கார்டுக் கடை, பார்சல் அனுப்புகிற கந்தோர் அந்தப் பக்கம், புத்தகக் கடை இந்தப் பக்கம், முடி வெட்டக்கூட இடம் இருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்க ஆணும் பெண்ணும் சாப்பாட்டுப் பார்சலோடு போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லாம் எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். "எந்த நாட்டுக்கும் இல்ல. வேலைக்கு வாறாங்க, பொழுதுபட்டா வீட்டுக்குப் போறாங்க. நான் இங்க வந்து இத்தன வருசமாச்சு, இன்னும் பிளேன்ல ஏறல" என்றாள். லைட் பில் கட்டுவதும் இங்கேதான், மூக்குக் கண்ணாடி மாற்றியதும் இங்கேதானாம். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எங்கள் வகுப்பில் கணக்குக்கு எப்போதும் அடி வாங்கியவள் அவள்.

பிறகு உட்கார வைத்து, உயரமான கிளாசில் தேசிக்காய்த் தண்ணி வாங்கிக் கொடுத்தாள். நாங்கள் வீட்டில் எலுமிச்சை என்போம், கடையில் தேசிக்காய் என்று கேட்போம், பழம் ஒன்றுதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் ராணியையும் மறந்தேன், வீட்டுக்காரரையும் மறந்தேன். என் அப்பா ஒரு பை நிறைய எலுமிச்சம் பழத்தோடு இதே விமான நிலையத்தின் வாசலில் நின்ற நாள் வந்துவிட்டது.

அது என் அத்தை குவைத்துக்குப் போன நாள். சரசு அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மாமா இறந்துவிட்டதால், நாலு வயது மகள் மலரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்காகப் புறப்பட்டார். எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு வண்டி ஓடத் தொடங்கினால், சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம் பழம் வைத்து நசுக்காமல் விட மாட்டார்கள். லொறிக்குச் செய்வோம், ட்ராக்டருக்குச் செய்வோம், ஒருமுறை கோயில் தேருக்கும் செய்தோம். தங்கச்சி ஏறப்போகும் பிளேனுக்கு மட்டும் செய்யாமல் இருந்தால் எப்படி என்பது அப்பாவின் நியாயம். ஆனால் பிளேனுக்கு எத்தனை சக்கரம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த வீடுகளில், ஒருவருக்கும் தெரியவில்லை. குறைந்துவிடக் கூடாது என்று அப்பா பதினெட்டுப் பழம் கொண்டு வந்திருந்தார்.

வாசலில் நின்ற சிங்களக் காவல்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். "மாத்தயா, பிளேன் ரோதெட்ட" என்றார் அப்பா. பிளேன் சக்கரத்துக்கு, ஐயா. கையால் உருட்டி, நசுக்கியும் காட்டினார். அந்த மனிதர் சிரிக்கவில்லை, இன்றைக்கும் அவரை நான் மதிப்பது அதற்காகத்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அத்தையின் பெட்டி இருந்த தள்ளுவண்டியைச் சுட்டி, இதற்கும் சக்கரம் இருக்கிறதே என்பது போல் தலையை ஆட்டினார். அப்பாவுக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் வண்டி நோஞ்சான், பழம் நசுங்காமல் நழுவி ஓடியது. பாரம் போதாது என்று என்னைத் தூக்கிப் பெட்டிமேல் உட்கார வைத்தார்கள். எனக்குப் பதினாறு வயது, பாவாடை தாவணி. வெளிநாட்டுக்காரர் ஒருவர் படம் எடுத்தார். எந்த நாட்டு வீட்டு அல்பத்தில் இன்றும் குந்திக்கொண்டிருக்கிறேனோ தெரியாது.

பழம் நசுங்கியது. அத்தை போனார்.

நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், தள்ளுவண்டியில் மாட்டிக்கொண்டேன்.

அவர் வந்தது இரண்டு மாத லீவில். திரும்பிப் போகும் டிக்கெட்டையும் அவர் வேலை செய்த குவைத் வீட்டுக்காரர்களே எடுத்துக் கொடுத்திருந்தார்கள். வந்து, இருந்து, போவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படித்தான் எல்லோரும் வந்தார்கள், போனார்கள். மலருக்கு அப்போது எட்டு வயது. அம்மா எப்போது வருவாள் என்று அவள் கேட்கவே இல்லை. "வந்துட்டு எப்பப் போவாங்க?" என்றுதான் கேட்டாள். இரண்டு மாதத்தில் என்று சொன்னால், விரலை மடக்கிக் கிழமை எண்ணத் தொடங்கிவிடுவாள்.

அழைத்து வர வேன் பிடித்தோம். வேன் என்றால் லயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை விட்டுவிட்டு ஒருவரைக் கூட்டிப் போக முடியாது. தண்ணி பிடிக்கிற பீலியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வேலு அண்ணனின் வேனில் அவரோடு பதினான்கு பேர் ஏறினோம். குளிருக்கு எல்லோரும் கம்பளிச் சட்டை, தலையில் மப்ளர். கினிகத்தேனை தாண்டியதும் வாந்தி, அவிசாவளை வந்ததும் வேர்வை. யாரும் சட்டையைக் கழற்றவில்லை. உள்ளே போட்டிருந்தது கிழிசல், வெளியே போட்டிருந்தது நல்லது. கட்டுநாயக்காவில் இறங்கும்போது நாங்கள் அவித்த மரவள்ளிக் கிழங்காக இருந்தோம்.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தின் ஓரத்துப் புல்லில் பாயை விரித்து, ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். பக்கத்துப் பாயில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் சிங்களக் குடும்பம் ஒன்று. எங்கள் சம்பல் அங்கே போனது, அவர்கள் கொக்கிஸ் பலகாரம் இங்கே வந்தது. பிறகு கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் பத்துப் பேராவது "சரசு" என்று கத்தினார்கள். எத்தனை பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அந்த நாளில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விமான நிலையத்துக் கடையிலேயே வரியில்லாமல் ஒரு பெரிய சாமான் வாங்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. பத்து வீட்டுக்காரரும் அத்தை டீவி கொண்டுவரப் போகிறார் என்று முடிவு கட்டி, அதை எந்தச் சுவரில் வைத்தால் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சண்டையும் போட்டு முடித்திருந்தார்கள். கடைசியில் கதவு திறந்தது. முதலில் வந்தது அத்தை அல்ல, ஒரு பெட்டி. அத்தையின் கழுத்து உயரத்துக்கு நின்ற அட்டைப் பெட்டி. அதற்குப் பின்னாலிருந்து மெலிந்து, வெளுத்து, கண்ணெல்லாம் சிரிப்பாக அத்தை எட்டிப் பார்த்தார்.

அழுதோம், கட்டிப் பிடித்தோம், மலரை முன்னால் தள்ளினோம். அவள் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதெல்லாம் முடிந்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"இம்புட்டுப் பெரிய டீவியா சரசு?"

"டீவி இல்லண்ணே. பிரிஜ்."

எல்லோரும் பெட்டியைச் சுற்றி வந்து இன்னொரு தரம் பார்த்தோம். நீங்கள் எங்கள் பக்கம் வந்திருந்தால் ஏன் என்று புரியும். மாசியில் எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்படியில் வைத்துத்தான் உருக்க வேண்டும். இரவில் வெளியே வைத்த தண்ணீரில் கை வைக்க முடியாது. அங்கே பிரிஜ்.

"நம்ம காம்பராவே பிரிஜ்தானே. கதவத் தொறந்து வச்சாப் போதாது?" என்றார் வேலு அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்பா மட்டும் கவலையோடு, "ரெண்டு மாசத்துல திரும்பிப் போறவளுக்கு இது என்னத்துக்கும்மா?" என்றார். அத்தை பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார்.

இப்போது தொல்லை என்னவென்றால், வேனில் இடம் இல்லை. கடைக்காரர் இதைப் படுக்க வைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். நிறுத்தினால் மூன்று பேர் இடம் போகும். மனுஷரோ பதினான்கு, அத்தையோடு பதினைந்து. தங்கச்சியை அழைத்துப் போக ஆள் திரட்டிக்கொண்டு வந்த அப்பா, தங்கச்சிக்கே இடம் வைக்கவில்லை. காலையில் புறப்படும்போது ஒருவருக்காவது அது தோன்றியிருக்க வேண்டுமே. தோன்றவில்லை.

அப்பா பெரட்டுக் களத்தில் கங்காணி வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீ இறங்குகிறாயா, நீ இறங்குகிறாயா என்று கேட்டார். ஒருவரும் இறங்கவில்லை. ஒருவருக்குக் கால் வலி, ஒருவருக்கு ரயில் என்றால் பயம், மற்றவர்களுக்குச் சரசுவோடு பேசிக்கொண்டே போகவேண்டும். பெட்டியை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"அப்ப நான் ரயில்ல வாறேன். நீங்க பெட்டியப் பத்தரமாக் கூட்டிட்டுப் போங்க."

அப்படித்தான் நடந்தது. அத்தை, மலர், நான், இன்னும் ஒரு பெரியப்பா மட்டும் இறங்கி பஸ் பிடித்துக் கோட்டை ஸ்டேசனுக்குப் போனோம். அத்தையை அழைக்க வந்த வேன், அத்தையின் பெட்டியை ஏற்றிக்கொண்டு, அத்தைக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனது.

வேன் எங்களுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. லயத்தில் பெண்கள் ஆலாத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் பெட்டி மட்டும். கரைத்த ஆலாத்தியை என்ன செய்வது? வீணாக்காமல் பெட்டிக்கே சுற்றி, பொட்டும் வைத்து, வலது பக்கத்தை முன்னால் விட்டு வீட்டுக்குள் இறக்கினார்களாம். இதை நான் கண்ணால் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

ரயிலில் எங்களுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அத்தை தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தார். ஒரு பெக்டரியிலிருந்து தேயிலை வறுபடும் வாசனை வந்தது. "நாலு வருசமா இது மூக்குல படல" என்றார். மலர் அவர் மடியில் தூங்கிவிட்டாள். பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தவள், வடை தின்ற கையோடு எப்போது மடிக்குப் போனாள் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"ஒனக்குச் சொல்றேன், யாருக்கும் சொல்லிறாத" என்றார் அத்தை. "டீவிங்கிறது திரும்பிப் போறவங்க வாங்கிக் குடுக்குறது. நான் இருக்கப்போறேன்டி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளக்கினார். சாயத் தண்ணியைச் சின்னப் பையில் உறைய வைத்து ஐஸ் பக்கட் விற்பார், யோகட் வைப்பார், திருவிழாவுக்கு சோடா வைப்பார். எனக்கோ சந்தேகம். நான் அப்போது பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. மூக்கு ஒழுகாத பிள்ளையை நான் அங்கே பார்த்ததே இல்லை.

"இந்தக் குளுருல ஐஸ யாரு அத்தை வாங்குவா?"

"புள்ளைங்களுக்குக் குளுரு ஏதுடி?" என்றவர், மலரின் முடியை ஒதுக்கிவிட்டு, "கடை ஓடும். அது பயம் இல்ல. அண்ணங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியல. அவரு பாவம், இன்னும் நாலு வருசத்துல வீடு கட்டலாம்னு இருக்காரு. போகலன்னு சொல்ல வாய் வருமா எனக்கு?" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. பெரியப்பா எதிர் சீட்டில் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் அழுவதற்கும் வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கப் பெட்டியைச் சும்மா நிற்க வைத்தோம், அதுவும் கடைக்காரர் சொன்னதுதான். மறுநாள் மாலை வேலை முடிந்து மலையிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தபின், பத்துக் காம்பராவும் எங்கள் வாசலில் கூட, அட்டையைப் பிரித்தோம். வெள்ளையாக, பளபளவென்று நின்றது. நின்றது என்றா சொன்னேன்? ஆடியது. லயத்துத் தரை எந்தக் காலத்தில் மட்டமாக இருந்தது? ஒரு பக்கத்துக் காலுக்குக் கீழே இடைவெளி. அப்பா அட்டையை மடித்து வைத்தார், நசுங்கியது. செருப்புத் துண்டு வைத்தார், உயர்ந்துவிட்டது. தீப்பெட்டியை மிதித்து வைத்தார், அதுவும் சரிவரவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அத்தை உள்ளே போய்க் கைப்பையைத் திறந்தார். அந்த நாளில் விமான டிக்கெட் ஒரு சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும், உள்ளே சிவப்பு மை ஒட்டிய மெல்லிய தாள்கள். அதை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாக மடித்தார். இன்னொரு தரம் மடித்து, அழுத்தித் தடவினார்.

"கொஞ்சம் தூக்குங்கண்ணே."

அப்பா தூக்கினார். அத்தை குனிந்து காலுக்குக் கீழே சொருகினார். இறக்கி வைத்தபிறகுதான் அப்பா அதைப் பார்த்தார்.

"சரசு, அது டிக்கெட்டுல்ல?"

"ஆமாண்ணே. இப்ப ஆடுதா பாருங்க."

அப்பா தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், பிறகு இரண்டு கையாலும் பிரிஜ்ஜைப் பிடித்து அசைத்தார். நன்றாக அசைத்தார்.

"ஆடல" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு இஸ்தோப்புக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, "தங்கச்சி கடை போடப் போவுது. நாளையிலருந்து சில்லறையோட வாங்க" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, ஆனால் முகம் சிரித்தது. மலர் பிரிஜ்ஜில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மோட்டார் ஓடும்போது முதுகு கிச்சுகிச்சு மூட்டுகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் விரல் மடக்கிக் கிழமை எண்ணி நான் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்குக் குளிர் கிடையாது என்று அத்தை சொன்னது முழு உண்மை. மூடுபனியில் முகம் தெரியாது, ஐஸ் பக்கட்டின் சிவப்பு மட்டும் தெரியும். தாய்மார் வந்து ஏசிவிட்டு, ஏசிய களைப்புக்குத் தாங்களும் ஒரு யோகட் வாங்கிப் போனார்கள். மோட்டார் ஓடினால் பக்கத்துக் காம்பரா பல்ப் மங்கிவிடும். அதற்கு நட்டஈடாக அந்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு யோகட்.

பிறகு சீனி வருத்தக்காரர்கள் வந்தார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் தரும் இன்சுலின் ஊசி மருந்தை அதுவரை ஈர மணல் சட்டிக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். அத்தை மேல் தட்டை ஒதுக்கி, போத்தலுக்குப் போத்தல் பேர் எழுதி வைத்தார், அதற்கு ஒரு சதமும் வாங்கவில்லை. ஊசிக்காரர்கள் காலையில் வந்து காத்திருப்பதால் தேத்தண்ணி போட்டார். தேத்தண்ணிக்கு ஆள் வருவதால் தபால்காரர் கடிதங்களை அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார். கல்யாண மாலைகள் முதல் நாளே வந்து ஐஸ் பக்கட்டுகளின் மேல் படுத்தன. கொஞ்ச காலத்தில் டெலிபோனும் வந்தது, வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கேதான் கூப்பிட்டார்கள். விமான நிலையம் இப்படி ஊராகிவிட்டதே என்று ராணி பெருமையடித்தபோது நான் அசந்துபோகவில்லை. ஒரு பிரிஜ்ஜைச் சுற்றி ஊர் முளைத்ததை நான் அதற்கு முன்னாலேயே பார்த்தவள்.

இப்போது யாரும் வேன் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் போனிலேயே கார் சொல்லி, தனியாக ஏறி, தூங்கிக்கொண்டே வந்து இறங்குகிறார்கள். வாசலில் ஹாரன் அடித்தபிறகுதான் வந்தது தெரிகிறது. புல்லில் பாய் இல்லை, வேலியில் கத்தும் கூட்டம் இல்லை. பிரிஜ் ஹட்டனிலேயே கடைக்குக் கடை நிற்கிறது, வீட்டுக்கு வீடும் நிற்கிறது. ஊசி மருந்து அவரவர் வீட்டில். அத்தையின் வாசலில் காலையில் யாரும் குந்துவதில்லை. எனக்கு அது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது, அத்தைக்கு அப்படி இல்லை. "இப்பதான் நிம்மதியாத் தூங்குறேன்" என்பார்.

மலர் தலவாக்கலையில் டீச்சராக இருக்கிறாள். இந்தப் பொங்கலுக்கு அம்மாவுக்குப் புதுப் பிரிஜ் வாங்கி அனுப்பினாள். பழையது கடைசிச் சில வருடங்களாக அரிசியும் பருப்பும் வைக்கும் அலமாரியாக இருந்தது. நானும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து அதை நகர்த்தினோம். அது நின்ற இடத்தில், தரையோடு ஒட்டி, கறுத்து, ஓரம் மட்டும் லேசாகச் சிவந்த ஒரு காகிதக் கட்டி கிடந்தது. நான் குந்தி, அதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"அத்தை, இது என்னன்னு தெரியுதா?"

அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னமோ காயிதம்டி. எலி இழுத்தாந்து போட்டிருக்கும்" என்று சொல்லி, விளக்குமாற்றால் இரண்டு தரம் சுரண்டி, குப்பையோடு கூட்டி வாசலுக்கு வெளியே தள்ளினார்.